டிஸ்க் மாற்றும் ஆபரேஷன்... விமானம் ஏறத்தான் வேண்டுமா?

"டிஸ்க் தேஞ்சு போச்சாம். ஆபரேஷன்தான் வழியாம்!"

இடுப்பைப் பிடித்தபடி இப்படிச் சொல்கிற ஒருவராவது இன்று எல்லாத் தெருவிலும் இருக்கிறார். அதோடு நின்றால் பரவாயில்லை. "ஜெர்மனியில் பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டுப் புது டிஸ்க் வைக்கிறார்களாம். மூணாம் நாளே நடக்க வைத்துவிடுகிறார்களாம்" என்று யாராவது ஒரு தகவலைப் போட்டுவிடுகிறார்கள். மகனோ மருமகனோ வெளிநாட்டில் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். பாஸ்போர்ட் எடுக்கிற பேச்சு தொடங்கிவிடும்.

பணம், நேரம், உடம்பு மூன்றையும் பணயம் வைக்கிற முடிவு இது. அவசரப்பட்டு எடுக்கலாமா? வாருங்கள், ஆரம்பத்திலிருந்து பார்ப்போம்.

டிஸ்க் என்பது என்ன?

நம் முதுகெலும்பு ஒரே எலும்பு அல்ல. கழுத்திலிருந்து இடுப்பு வரை 24 சிறு எலும்புகள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அதற்குக் கீழே இருப்பவை ஒன்றோடொன்று ஒட்டிப்போனவை. இந்த எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருப்பதுதான் டிஸ்க். நம் ஊரில் 'ஜவ்வு' என்போம். மொத்தம் 23 டிஸ்க்குகள்.

பதநீர்க் காலத்து நுங்கை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே உறுதியான வளையம், உள்ளே கொழகொழவென்று கூழ். குனிந்தாலும் நிமிர்ந்தாலும் மூட்டை தூக்கினாலும் அதிர்ச்சியைத் தாங்குவது இந்த அமைப்புதான். வளையத்தில் கீறல் விழுந்து, உள்ளே இருக்கும் கூழ் வெளியே பிதுங்கி, பக்கத்தில் போகும் நரம்பை அழுத்தினால் இடுப்பிலிருந்து கால் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் 'சுருக்'கென்று இழுக்கும். இதைத்தான் 'டிஸ்க் விலகிவிட்டது' என்கிறோம். பெரும்பாலும் இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் இது வரும். உடல் எடையில் பெரும்பங்கு வந்து இறங்குகிற இடம் அது.

பெரியவர்களின் டிஸ்க்குக்குள் ரத்தக்குழாய் கிடையாது. மேலும் கீழும் இருக்கும் எலும்பின் மெல்லிய தட்டு வழியாகத்தான் அதற்கு உணவும் பிராணவாயுவும் கசிந்து வரவேண்டும். இந்தக் கசிவை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் மூலம் படிப்படியாகப் படம் பிடித்துக் காட்டி, 2004ல் முதுகெலும்பு மருத்துவத்தில் மிக உயர்ந்ததாகக் கருதப்படும் சர்வதேசப் பரிசு ஒன்றைப் பெற்றவர் யார் தெரியுமா? கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையின் டாக்டர் எஸ். ராஜசேகரன் குழுவினர்! வெளிநாட்டு மோகம் தலைக்கேறும்போது இந்தச் செய்தியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து மயங்கி விழாதீர்கள்!

"எல்4 - எல்5 பல்ஜ், எல்5 - எஸ்1 டீஜெனரேஷன்..." ரிப்போர்ட்டில் இப்படிப் படித்ததும் பாதி பேருக்கு வலி இரட்டிப்பாகிவிடுகிறது.

1994ல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். முதுகுவலியே இல்லாத 98 பேரைக் கூப்பிட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். எல்லா டிஸ்க்கும் ஒழுங்காக இருந்தவர்கள் 36 சதவீதம் பேர்தான்! பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு டிஸ்க்காவது பிதுங்கி இருந்தது. ஆனால் வலி? துளியும் இல்லை. 2015ல் இதுபோன்ற பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வலியே இல்லாத 20 வயதுக்காரர்களிலும் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் அது 96 சதவீதம்!

ஆக, டிஸ்க் தேய்மானம் என்பது பெரும்பாலும் தலைமுடி நரைப்பது போலத்தான். ஸ்கேனில் தெரிகிற கோளாறும், உங்களுக்கு வலிக்கிற இடமும், டாக்டர் கையால் தொட்டுச் சோதித்துச் சொல்வதும் மூன்றும் ஒத்துப்போனால்தான் ஆபரேஷன் பேச்சே எடுக்க வேண்டும். ஸ்கேனை மட்டும் பார்த்துவிட்டு, உங்களைக் கட்டிலில் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்க்காமலேயே தேதி குறிக்கிறார் என்றால், அவர் உள்ளூர் டாக்டராக இருந்தாலும் சரி, ஜெர்மன் டாக்டராக இருந்தாலும் சரி, ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

எது அவசரம், எது அவசரமில்லை?

கீழ்க்கண்டவற்றில் எது வந்தாலும் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது:

* சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, அல்லது தெரியாமலேயே போய்விடுவது
* மலம் அடக்க முடியாமல் போவது
* பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பகுதி மரத்துப்போவது
* கால் திடீரென்று பலமிழப்பது, பாதம் தொங்கிப்போய் செருப்பு நழுவுவது
* இரண்டு காலிலும் ஒரே நேரத்தில் வலியும் மரமரப்பும்

இவை நரம்புக் கொத்து நசுங்குவதன் அடையாளம். அன்றைக்கே ஆபரேஷன் தேவைப்படலாம். இந்த நிலையில் விசா, விமான டிக்கெட் என்று நாளைக் கடத்தினால் ஆயுளுக்கும் மூத்திரப் பைதான். அருகிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே ஓட வேண்டும்.

அதேபோல் முதுகுவலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, முன்பு எப்போதாவது புற்றுநோய் வந்திருப்பது, ராத்திரி படுத்தாலும் விடாத வலி இவை இருந்தால் காரணம் டிஸ்க்காக இல்லாமல் போகலாம். நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோயும் உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம். சீக்கிரமே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

மற்றபடி, டிஸ்க் பிதுங்கி வருகிற கால்வலி பெரும்பாலானவர்களுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் தானே தணிகிறது. பிதுங்கிய கூழை உடம்பே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. வலி தாங்க முடியாமல் நீடிக்கிறவர்களுக்குத்தான் கத்தி.

மூன்று ஆபரேஷன்கள், மூன்று காரணங்கள்

இங்கேதான் எல்லோரும் குழம்பிப்போகிறார்கள். 'டிஸ்க் ஆபரேஷன்' என்பது ஒன்றல்ல.

முதலாவது: நரம்பை அழுத்துகிற துண்டை மட்டும் எடுப்பது. மைக்ரோஸ்கோப் வைத்துச் சிறிய கீறல் போட்டுச் செய்வார்கள். கால்வலிக்கு இதுதான் வழக்கமான ஆபரேஷன். டிஸ்க் அங்கேயே இருக்கும். இதை இன்று மதுரை, திருநெல்வேலி, திருவனந்தபுரம் எல்லா இடத்திலும் செய்கிறார்கள். இதற்காக நாடு விட்டு நாடு போகத் தேவையே இல்லை.

இரண்டாவது: ஃப்யூஷன். தேய்ந்த டிஸ்க்கை எடுத்துவிட்டு மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் ஸ்குரு போட்டு ஒன்றாகச் சேர்த்துவிடுவது. எலும்பு நழுவியிருந்தால், ஆட்டம் கண்டிருந்தால் இது தேவைப்படும். அந்த இடத்தில் அசைவு போய்விடும். அடுத்துள்ள டிஸ்க்கில் பளு கூடலாம்.

மூன்றாவது: செயற்கை டிஸ்க். தேய்ந்ததை எடுத்துவிட்டு உலோகத் தகடும் நடுவே பிளாஸ்டிக்கும் உள்ள டிஸ்க்கைப் பொருத்துவது. அந்த இடத்தில் அசைவு காப்பாற்றப்படும். இதன் கவர்ச்சியே அதுதான்.

கவனியுங்கள். இடுப்பில் செயற்கை டிஸ்க் வைப்பது முக்கியமாக, ஒன்று அல்லது இரண்டு டிஸ்க் தேய்ந்து, கால்வலியைவிட முதுகுவலியே பிரதானமாக இருப்பவர்களுக்கு. நாலு மாதமாகக் கால் இழுக்கிறது என்பவருக்கு வேண்டியது பெரும்பாலும் முதலாவது ஆபரேஷன். அவர் மூன்றாவதைத் தேடி ஐரோப்பா போவது, சைக்கிள் டியூப் பஞ்சர் ஆனதற்குப் புது சைக்கிள் வாங்கப் பட்டணம் போவது மாதிரி!

கழுத்து டிஸ்க் கதை வேறு. அங்கே நரம்பழுத்தம் இருக்கும்போதே செயற்கை டிஸ்க் வைப்பதுண்டு. பலனும் இடுப்பைவிடத் தெளிவாகவே இருக்கிறது. எனவே யாராவது "எனக்கு நல்லாயிருச்சு" என்று சொன்னால், கழுத்திலா இடுப்பிலா என்று முதலில் கேளுங்கள்.

ஜெர்மனி பேச்சு எப்படி வந்தது?

1960களில் ஸ்வீடன் நாட்டு டாக்டர் ஃபெர்ன்ஸ்ட்ரோம், டிஸ்க் இருந்த இடத்தில் எஃகுக் குண்டுகளை வைத்துப் பார்த்தார். குண்டு எலும்புக்குள்ளேயே அமுங்கிப்போனதால் அந்த முறை நிலைக்கவில்லை.

அடுத்து நடந்தது சுவாரசியமான கதை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கப் பதக்கம் வாங்கிய கிழக்கு ஜெர்மனி வீராங்கனை காரின் யான்ஸ், பிற்பாடு எலும்பு மருத்துவர் ஆனார். அவரும் ஷெல்நாக் என்ற டாக்டரும் சேர்ந்து கிழக்கு பெர்லின் ஷாரிட்டே ஆஸ்பத்திரியில் உருவாக்கிய செயற்கை டிஸ்க்கை 1984ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். 1990ல் பிரான்ஸில் டாக்டர் தியெரி மார்னே வேறொரு வடிவத்தைக் கொண்டுவந்தார்.

அமெரிக்காவில் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஷாரிட்டே டிஸ்க்குக்கு அனுமதி தந்தது 2004 அக்டோபரில்தான். அதுவரை அந்த ஆபரேஷன் வேண்டும் என்ற அமெரிக்கர்கள், பரிசோதனைத் திட்டத்தில் இடம் கிடைக்காவிட்டால் ஜெர்மனிக்கு விமானம் ஏறினார்கள். 'டிஸ்க் மாற்ற வெளிநாடு போவது' என்ற பழக்கம் பரவியது இப்படித்தான். அவர்கள் நாட்டில் கிடைக்காததால் போனார்கள். அந்தக் காரணம் நமக்குப் பொருந்துமா என்பதுதான் கேள்வி.

அனுமதி கிடைத்த பிறகும் கதை முடியவில்லை. 2007ல் அமெரிக்க அரசின் மூத்தோர் காப்பீட்டுத் திட்டம், 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இடுப்பில் செயற்கை டிஸ்க் வைக்கப் பணம் தரமாட்டோம் என்று முடிவு செய்தது. அப்படிப் பரபரப்பாகப் பேசப்பட்ட ஷாரிட்டே டிஸ்க் இன்று விற்பனையிலேயே இல்லை. வேறு வடிவங்கள் வந்துவிட்டன. இருபது வருஷம் கழித்து உங்கள் டிஸ்க்கைச் சரிபார்க்க வேண்டியிருந்தால் அதன் உதிரி பாகம் கிடைக்குமா என்பதும் யோசிக்க வேண்டியதே.

கோல்ஃப் வீரர் டைகர் உட்ஸ் 2017ல் ஃப்யூஷன் செய்துகொண்டார். 2019ல் பெரிய பட்டமே வென்றார். 2025 அக்டோபரில் வேறொரு டிஸ்க்கை மாற்றிக்கொண்டார். உலகப் பணக்கார விளையாட்டு வீரருக்கும் முதுகு ஒரே ஆபரேஷனில் முடிந்துவிடவில்லை, பார்த்தீர்களா?

பலன் எவ்வளவு? நார்வே சொல்லும் பாடம்

நார்வே நாட்டில் ஐந்து பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகள் சேர்ந்து செய்த ஆய்வு 2011ல் வெளியானது. ஒரு வருடத்துக்கு மேல் முதுகுவலியால் அவதிப்பட்ட 173 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குச் செயற்கை டிஸ்க். மறுபாதிக்கு மூன்று முதல் ஐந்து வாரம் வரை மேற்பார்வையோடு உடற்பயிற்சியும், 'முதுகு உடைந்துவிடாது, பயமில்லாமல் அசையலாம்' என்ற மனப்பயிற்சியும்.

இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், இரு சாராருமே தேறியிருந்தார்கள். ஆபரேஷன் செய்தவர்கள் கூடுதலாகத் தேறியிருந்தார்கள். ஆனால் 100க்கு அளக்கும் ஊன அளவுகோலில் வித்தியாசம் 8.4 புள்ளிதான். குறைந்தது 10 புள்ளி வித்தியாசம் இருந்தால்தான் நோயாளிக்கு வாழ்க்கையில் உறைக்கும் என்று ஆய்வாளர்களே முன்கூட்டி வைத்திருந்த கணக்கு. இன்னொன்று: ஆபரேஷன் செய்தவர்களில் ஒருவருக்கு ரத்தக்குழாய் பாதிக்கப்பட்டு, முழங்காலுக்குக் கீழே காலையே எடுக்க வேண்டி வந்தது. அபூர்வம்தான். ஆனால் அபூர்வம் நம் வீட்டில் நடந்தால் அது நூறு சதவீதம்!

ஏன் இந்த ஆபத்து? இடுப்பில் செயற்கை டிஸ்க்கை முதுகுப் பக்கமிருந்து வைப்பதில்லை. வயிற்றுப் பக்கமாகத் திறந்து, உடம்பின் மிகப் பெரிய ரத்தக்குழாய்களை ஒதுக்கிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். முதல் தடவையே கவனம் வேண்டும். இரண்டாவது தடவை திறந்தால், தழும்பு ஒட்டிக்கொண்டிருப்பதால் ஆபத்து இன்னும் கூடும். ஆண்களுக்கு விந்து பின்னோக்கிப் போய்விடும் பிரச்னையும் சிலருக்கு வரலாம். குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமுள்ள இளைஞர்கள் கூச்சப்படாமல் இதை டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும்.

யாருக்கு ஆகாது?

எலும்பு மெலிவு நோய் உள்ளவர்கள் (மாதவிலக்கு நின்ற பெண்கள் கட்டாயம் எலும்பு அடர்த்தியைச் சோதிக்க வேண்டும்), முதுகெலும்பின் பின்பக்கச் சிறு மூட்டுகள் தேய்ந்தவர்கள், எலும்பு நழுவியவர்கள், நரம்புப் பாதை சுருங்கியவர்கள், முதுகு வளைந்தவர்கள், உடலில் கிருமித் தொற்று உள்ளவர்கள், உலோக ஒவ்வாமை உள்ளவர்கள்... இவர்களுக்கெல்லாம் பொதுவாக இது சரிப்படாது. அளவுக்கு மீறிய பருமனும், முன்பு செய்த வயிற்று ஆபரேஷன்களும் சிக்கலைக் கூட்டும். பட்டியலைப் பார்த்தால் தெரியும். முதுகுவலியோடு வருகிறவர்களில் இந்த ஆபரேஷனுக்குத் தகுதியானவர்கள் கொஞ்சம் பேர்தான்.

சுந்தரபாண்டியபுரத்திலிருந்து ஒரு கணக்கு

தென்காசி பக்கத்தில் சுந்தரபாண்டியபுரம். 1992ல் வந்த 'ரோஜா' படத்துக் கதாநாயகியின் ஊர் என்று சொன்னால் தமிழ்நாட்டுக்கே தெரியும். வயலும் வாய்க்காலும் சூரியகாந்திப் பூவுமாக இருக்கிற ஊர். அங்கே ஒரு குடும்பம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு 52 வயது. உரக்கடை. மூட்டை தூக்கித் தூக்கி முதுகு போயிற்று. மகன் வெளிநாட்டில் வேலை.

"அப்பா, நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. இங்க வாங்க, முடிச்சிருவோம். பணம் பத்தலைன்னா வாய்க்காங்கரை வயலைக் குடுத்திரலாம்" என்கிறான் மகன்.

"ஏங்க, நம்ம பக்கம் டாக்டரே இல்லையா? வயலை வித்துட்டு நாளைக்கு என்ன செய்ய?" என்கிறார் அம்மா.

மகனுக்கு அப்பா மேல் பாசம். அம்மாவுக்குப் பயம். இரண்டுமே நியாயம்தான். ஆனால் முடிவைப் பாசமும் எடுக்கக் கூடாது, பயமும் எடுக்கக் கூடாது. கணக்கு எடுக்க வேண்டும்.

ஆஸ்பத்திரி அனுப்பும் 'பேக்கேஜ்' தொகை முழுச் செலவு அல்ல. அதோடு இவற்றைச் சேருங்கள்: துணைக்குப் போகிறவர் டிக்கெட், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் தங்குகிற செலவு, சாப்பாடு, பிசியோதெரபி, கடை மூடிக் கிடக்கிற மாதங்கள், திரும்பி வந்தபின் எடுக்க வேண்டிய எக்ஸ்ரே, எல்லாவற்றுக்கும் மேலாக, சிக்கல் வந்து மறுபடி போக வேண்டி வந்தால் அந்தச் செலவு. இந்தக் கடைசி வரிக்குப் பணம் ஒதுக்க முடியாதவர்கள் முதல் ஆபரேஷனுக்கே வெளிநாடு போகக் கூடாது.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை அனுப்பலாம். வைத்தியத்துக்கு அதற்கு மேல் வேண்டுமென்றால் டாக்டர் அல்லது ஆஸ்பத்திரியின் மதிப்பீட்டுக் கடிதம் காட்ட வேண்டும். 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால் வங்கியே ஒரு வரிப் பிடித்தம் செய்யும். அதை வருமானவரிக் கணக்கில் ஈடு செய்துகொள்ளலாம் என்றாலும், கையிலிருந்து அப்போதைக்குப் பணம் போகும். தயாராக இருங்கள்.

காப்பீடு? நம் ஊர் மெடிக்கல் பாலிசிகளில் பெரும்பாலானவை இந்தியாவுக்குள் செய்யும் வைத்தியத்துக்குத்தான். பயணக் காப்பீடு எடுத்தாலும், வைத்தியத்துக்கென்றே போனால் அது பொதுவாகப் பொருந்தாது. பாலிசியை எடுத்து ஒரு வரி விடாமல் படியுங்கள்.

போவதா, இருப்பதா?

1984ல் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சிறுநீரகம் பழுதாகி, நியூயார்க் புரூக்ளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லப்பட்டு மாற்றுச் சிறுநீரகம் பெற்றதைத் தமிழ்நாடே நினைவில் வைத்திருக்கிறது. 'பெரிய வைத்தியம் என்றால் வெளிநாடு' என்ற எண்ணம் நம் மனதில் ஆழமாகப் பதிந்த காலம் அது. இன்று அதே சிறுநீரக மாற்று ஆபரேஷன் நம் மாநிலத்து அரசு ஆஸ்பத்திரிகளிலேயே நடக்கிறது.

2000லும் 2001லும் பிரதமர் வாஜ்பாய்க்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் நடந்தது. நியூயார்க்கிலிருந்து டாக்டர் சித்தரஞ்சன் ரணாவத் மும்பைக்கு வந்து செய்தார். பிரதமர் அமெரிக்கா போகவில்லை. டாக்டர் இங்கே வந்தார்!

இப்போது காற்று எதிர்ப்பக்கம் வீசுகிறது. ஆப்பிரிக்கா, வங்கதேசம், வளைகுடா நாடுகளிலிருந்து நோயாளிகள் மருத்துவ விசா வாங்கிக்கொண்டு சென்னைக்கும் வேலூருக்கும் வருகிறார்கள். செயற்கை டிஸ்க் பொருத்தும் ஆபரேஷனும் நம் பெருநகரங்களில் நடக்கிறது. ஆகவே 'இங்கே கிடைக்காது' என்ற காரணம் பெரும்பாலும் செல்லாது.

அப்படியானால் வெளிநாடு போகவே கூடாதா? சில நேரங்களில் அர்த்தமுண்டு. நீங்கள் நிரந்தரமாக வசிப்பதே மகனோடு அந்த நாட்டில்தான் என்றால், பின்கவனிப்பும் அங்கேயே நடக்கும் என்றால், அங்குள்ள காப்பீடு செலவைத் தாங்கும் என்றால் அங்கே செய்துகொள்வதே புத்திசாலித்தனம். உங்கள் பிரச்னை அபூர்வமானது, இங்குள்ள இரண்டு மூன்று நிபுணர்களே 'அந்த இடத்தில் கேளுங்கள்' என்று சொல்கிறார்கள் என்றாலும் போகலாம். வெறும் கருத்துக் கேட்க மட்டும் என்றால் நீங்கள் போகத் தேவையில்லை. ஸ்கேன் பதிவு போனால் போதும். ரிப்போர்ட் தாளை மட்டும் அனுப்பாதீர்கள். ஸ்கேன் சென்டரில் கேட்டு மொத்தப் படப் பதிவையும் சி.டி.யிலோ பென் டிரைவிலோ வாங்கி அனுப்புங்கள்.

இன்னொரு விஷயம். 1995ல் உச்ச நீதிமன்றம் கட்டணம் வாங்கும் மருத்துவ சேவையை நுகர்வோர் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. தவறு நடந்தால் நம் மாவட்டத்திலேயே நுகர்வோர் மன்றத்தில் கேட்கலாம். வெளிநாட்டில் நடந்தால் அந்த நாட்டு வக்கீலைத்தான் பிடிக்க வேண்டும்.

திரும்பி வரும் விமானம்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அத்தோடு சரியா? இல்லை. பெரிய ஆபரேஷனுக்குப் பின் காலின் ஆழ்நாளங்களில் ரத்தம் உறைகிற அபாயம் சில வாரங்களுக்கு இருக்கும். எட்டு மணி, பத்து மணி நேரம் விமானத்தில் அசையாமல் உட்கார்ந்தால் அது கூடும். உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. எத்தனை நாள் கழித்துப் பறக்கலாம் என்பதை ஆபரேஷன் செய்த டாக்டர் எழுத்தில் தரவேண்டும். டிக்கெட் தேதிக்காக அவரை அவசரப்படுத்தாதீர்கள். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, நெஞ்சு வலித்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

ஊர் திரும்பியபின் தையல் இடத்தில் சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்? வேறொருவர் செய்த ஆபரேஷனில் கைவைக்கப் பல டாக்டர்கள் தயங்குவார்கள். எனவே கிளம்புவதற்கு முன்பே திருநெல்வேலியிலோ மதுரையிலோ ஒரு முதுகெலும்பு நிபுணரிடம் பேசி, "வந்தபிறகு நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா?" என்று கேட்டுச் சம்மதம் வாங்கிவிட வேண்டும். அவர் மாட்டேன் என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

அதுவரை சும்மா இருக்கலாமா?

கூடாது. முதுகு வலிக்கிறதே என்று மாதக்கணக்கில் கட்டிலில் படுப்பது தசையைக் கரைத்துவிடும். ஓரிரு நாள் ஓய்வு போதும். பிறகு மெல்ல நடங்கள். பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் வயிறு, முதுகுத் தசைப் பயிற்சிகளை மூன்று மாதமாவது விடாமல் செய்யுங்கள். 'நாலு நாள் செஞ்சேன், கேக்கல' என்பது கணக்கில் சேராது. பீடி, சிகரெட் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். ஏற்கெனவே கஷ்டப்பட்டு டிஸ்க்குக்குப் போகும் உணவை அது இன்னும் குறைக்கிறது. ஆபரேஷன் செய்தாலும் எலும்பு சேருவதைக் கெடுக்கிறது. மூட்டையைக் குனிந்து திரும்பியபடி தூக்காதீர்கள். முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டித் தூக்குங்கள்.

குற்றால அருவியில் நின்றால் டிஸ்க் உள்ளே போய்விடும் என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. தண்ணீர் தசைக்கு இதம் தரும், மனசுக்கும் சுகம். ஆனால் பிதுங்கிய டிஸ்க்கை எந்த அருவியும் உள்ளே தள்ளாது. கால் மரத்துப்போகிறவர்கள் வழுக்குப் பாறையில், கூட்டத்தில், வேகமாக விழும் தண்ணீருக்கடியில் முதுகைக் கொடுக்கவே வேண்டாம். அதேபோல் காலில் பலக்குறைவு இருக்கும்போது 'ஒரே இழுப்பில் சரிசெய்கிறேன்' என்பவரிடம் முதுகைத் திருக விடாதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய பத்து கேள்விகள்

1. என் வலிக்குக் காரணம் இந்த டிஸ்க்தான் என்று எப்படி உறுதி செய்தீர்கள்?
2. ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும்?
3. சின்ன ஆபரேஷன், ஃப்யூஷன், செயற்கை டிஸ்க் மூன்றில் எனக்கு ஏன் இது?
4. என் எலும்பு அடர்த்தியும் பின்பக்க மூட்டுகளும் இதற்குத் தாங்குமா?
5. நீங்கள் இந்த ஆபரேஷனை வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? எத்தனை பேருக்கு மறு ஆபரேஷன் தேவைப்பட்டது?
6. வயிற்றுப் பக்கம் திறக்கும்போது ரத்தக்குழாய் நிபுணர் கூட இருப்பாரா?
7. எந்தக் கம்பெனி டிஸ்க்? எத்தனை வருடமாகப் புழக்கத்தில் இருக்கிறது?
8. சிக்கல் வந்தால் கூடுதல் செலவு யாருடையது?
9. எப்போது விமானம் ஏறலாம்? எப்போது வேலைக்குப் போகலாம்?
10. ஆபரேஷன் குறிப்பு, ஸ்கேன் படங்கள், டிஸ்க்கின் வரிசை எண் உள்ள அட்டை எல்லாம் ஆங்கிலத்தில் தருவீர்களா?

பத்துக்கும் நேரான பதில் சொல்கிற டாக்டர் எந்த ஊரில் இருந்தாலும் நல்ல டாக்டர். "அதெல்லாம் நீங்க கவலைப்படாதீங்க" என்று மழுப்புகிறவர் எந்த நாட்டில் இருந்தாலும் வேண்டாம். சம்மதப் படிவம் உங்களுக்குப் புரிகிற மொழியில் விளக்கப்படாத வரை பேனாவை எடுக்காதீர்கள்.

ஆகவே வரிசை இதுதான். முதலில் ஆபத்து அறிகுறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மூன்று மாதம் ஒழுங்கான பயிற்சி. அதிலும் கேட்காவிட்டால், ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத இரண்டு நிபுணர்களின் கருத்து. இருவரும் 'செயற்கை டிஸ்க்தான்' என்று ஒரே முடிவைச் சொன்னால், முதலில் நம் மாநிலத்தில் விசாரியுங்கள். அதற்குப் பிறகுதான் பாஸ்போர்ட். வயலை விற்கிற பேச்சு எல்லாவற்றுக்கும் கடைசியில் வரட்டும். அந்த வரிசைப்படி வந்தால், பெரும்பாலான வீடுகளில் அந்தப் பேச்சு வரவே வராது!